வெண்பாத்தியின் மூன்றாவது டிஸ்க்

வெண்பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்ட ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அதற்குச் சுண்ணாம்பு குழைத்தவர் யார், நிலைக்கதவைத் தூக்கி நிறுத்தியவர் யார், கரண்டுக் கம்பம் நட்ட அன்று கொட்டுகிற மழையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் என்று கேட்டால், ஊரில் பாதிப் பேர் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள், மீதிப் பேர் தங்கள் அப்பனையோ அத்தையையோ காட்டுவார்கள். அந்த ஆஸ்பத்திரி நடைவழியில், மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு எதிரே, கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு குளிர் அறை. உள்ளே ஆளுயர இரும்பு அலமாரி, அதில் வரிசையாகச் செருகிய டிஸ்க்குகள், ஒவ்வொரு டிஸ்க்கின் நெற்றியிலும் ஒரு பச்சை விளக்கு. ஊராரின் கண் படமும் நெஞ்சுப் படமும் ரத்த விவரமும் பிறந்த பிள்ளையின் எடையும் அதற்குள்தான் இருந்தன. வெளியூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தால் கடற்கரைக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் இந்தக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது அந்த ஊர் வழக்கம்.

அறைக்குப் பொறுப்பு ஜெபசெல்வி. உப்பளத்தில் வேலை பார்த்த ஸ்தேவானின் மகள். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் இதே மாதிரி அலமாரிகளை மேய்த்துக்கொண்டிருந்தவளை ஆஸ்பத்திரிக் கமிட்டி கூப்பிட்டபோது, யோசிக்க ஒரு நாள் கேட்டு, யோசிக்காமலேயே அந்த நாளைக் கழித்துவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கியவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் பொய் சொல்லமாட்டாள்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை, அவள் கதவைத் திறந்தபோது அலமாரியில் ஒரு விளக்கு ஆரஞ்சாக எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு அடுத்ததும் ஆரஞ்சானது. அவள் பதறவில்லை. அந்த அலமாரியின் அமைப்பு அப்படி: ஒவ்வொரு டிஸ்க்கும் தன் பங்கோடு மற்றவற்றின் கணக்கிலும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும், இரண்டு செத்தாலும் மீதி இருப்பவை கூடி யோசித்து, செத்தவை என்ன வைத்திருந்தன என்று சொல்லிவிடும். மூன்று செத்தால்தான் சொல்ல முடியாது. அவள் உட்கார்ந்து ஒவ்வொரு டிஸ்க்கின் நிலைமையையும் வரவழைத்துப் பார்த்தாள். செத்த இரண்டிலும் கீறலில்லை, சூடில்லை, தேய்மானமில்லை. ஆனால் எது கேட்டாலும் பதிலில்லை, தன் பெயர்கூட அவற்றுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் அவள் கண் ஃபர்ம்வேர் என்ற வரியில் போய் நின்றது. ஃபர்ம்வேர் என்பது டிஸ்க்குக்குள்ளேயே பொதிந்திருந்து, எப்படிச் சுழல வேண்டும் எப்படி எழுத வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும் சின்ன நிரல், அதற்கு உயிர் மாதிரி.

விற்ற கம்பெனிக்குப் போன் செய்தாள். அங்கே ஒருவர் நெடுநேரம் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருப்பது இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது என்றார். தான் ஓடிய நேரத்தை எண்ணிக்கொண்டே வருகிற டிஸ்க், எண்ணுகிற இடம் நிரம்பியதும் திகைத்துப் பூட்டிக்கொள்ளுமாம். வெண்பாத்தி டிஸ்க்குகள் எல்லாமே ஒரே லாரியில் வந்து, ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகச் செருகப்பட்டவை. செருகிய வரிசையிலேயே அவை சாகப்போகின்றன. புது ஃபர்ம்வேர் அனுப்பினார்கள். ஜெபசெல்வி அலமாரியை நிறுத்தி, அடுத்துப் போகவிருந்த மூன்றாவது டிஸ்க்குக்கு அதை முதலில் ஊட்டினாள். பாதி வாங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் விளக்கும் ஆரஞ்சாகி நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை, மீதி எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாக ஊட்டி, ஒவ்வொன்றாகக் காப்பாற்றி முடித்துவிட்டு, நகல் வைத்திருந்த பெட்டியைப் பார்க்கப் பின்கட்டுக்கு ஓடினாள். அதுவும் அதே லாரியில் வந்து, அலமாரிக்கு முந்தியே ஓடத் தொடங்கிய பெட்டிதான். அதில் ஒரு பச்சைகூட மிச்சமில்லை.

கம்பெனிக்காரர் போனில் வருத்தம் தெரிவித்தார். மூன்று போனால் போனதுதான், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள் என்றார். திரையில் அழிப்பதற்கான பட்டன் தயாராக இருந்தது. அவள் அதை அழுத்தவில்லை. நேராகக் கமிட்டி அறைக்குப் போய், நடந்ததை நடந்தபடியே தலைவர் அருமைத்துரையிடம் சொன்னாள்.

அந்த வாரம் போகக்கூடாத பொருள் ஒன்று அதற்குள் இருந்தது. உப்பளத்தில் வேலை பார்க்கும் சந்தனமாரியின் இடது கண்ணுக்குள், பின்சுவரில், ஒரு கறுப்புப் புள்ளி. கண் டாக்டர் ஹபீபா அதைப் படம் பிடித்துப் பார்த்துக் கவலைப்பட்டார். அது பிறவி மச்சமாக இருந்தால் பயமில்லை. வளர்கிற கட்டியாக இருந்தால், உடம்பெல்லாம் பரவுவதற்கு முன்னால் அந்தக் கண்ணையே எடுத்தாக வேண்டும். எது என்று சொல்ல ஒரே வழி, பல வருஷத்துக்கு முன்னால் எடுத்த படத்தோடு வைத்துப் பார்ப்பது. பழைய படம் இருந்தது, மூன்று டிஸ்க் சாகும் வரைக்கும். படம் இல்லையென்றால் உயிரை வைத்துச் சூதாட முடியாது, அடுத்த வாரமே கண்ணை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, சந்தனமாரி அழவில்லை. பாத்தியில் உப்பு வாருகிற பதத்துக்குப் பழுத்துவிட்டதா என்று பார்க்க ஒற்றைக் கண் போதுமா என்று மட்டும் கேட்டாள்.

அன்று மத்தியானம்தான் ஊரில் அது தொடங்கியது.

முதலில் வந்தது மீன் விற்கிற ரோஸம்மாளுக்கு. வாடிக்கைக்காரி ஒருத்திக்கு நெய்மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவள், கத்தியை நிறுத்தாமல், "நாலு ஏழு சி சைபர் பி ஒண்ணு ஒண்ணு டி" என்று ஆரம்பித்து, ஜெபமாலை சொல்வதுபோல மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போய், முடிந்ததும், தலையைப் போடவா வேண்டாமா என்று கேட்டாள். வாடிக்கைக்காரி ஆச்சரியப்படவில்லை. அவள் தன் முறைக்குக் காத்திருந்தவள்போல, அதே தினுசில் வேறொரு வரிசையைச் சொல்லி முடித்துவிட்டு, தலையையும் போடச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் டீக்கடையிலும் சைக்கிள் கடையிலும் பாத்தி வரப்பிலும் பள்ளிக்கூடத்திலும் ஆளுக்கு ஒரு வரி வந்துவிட்டது. ஒருவர் வரி இன்னொருவருக்கு இல்லை. ஒருமுறை வந்தது மறக்கவும் இல்லை. தூங்கி எழுந்தாலும் குளித்து வந்தாலும் நாக்கு நுனியில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. பேச்சு வராத கைக்குழந்தை வைத்திருந்தவளுக்கு இரண்டு வரி வந்தது, ஒன்று அவளுடையது, ஒன்று பிள்ளையுடையது. வாய் பேசாத சவரியான் தன்னுடையதை விரலால் பலகையில் தட்டிக் காட்டினார்.

இதைக் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிவாசலில் இமாம், ஒருவருடைய பொருள் நம்மிடம் வந்து தங்கினால் அது அமானிதம், சிந்தாமல் வைத்திருப்பது கடமை என்று சொல்லி முடித்துக்கொண்டார். சர்ச்சில் ஃபாதரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். அம்மன் கோயிலில் கொடைவிழாவுக்கு நாள் குறித்தபடியே பந்தல்கால் நட்டார்கள், கொடை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள்தான் ஒன்றும் விளங்காமல் விழித்தார்கள். இரண்டு நாளில் ஊர் அதைத் தன் ஊர்ப்பேச்சாக ஆக்கிக்கொண்டது. சந்தையில் பார்த்துக்கொண்டால் சாப்பிட்டாச்சா என்பதற்குப் பதிலாக உங்களுக்கு என்ன வந்திருக்கு என்று விசாரித்தார்கள். எழுத்து அதிகம் வந்தவர்களுக்கு மதிப்புக் கூடியது, வரியில் 'எஃப்' நிறைய இருந்தவர்கள் கொஞ்சம் தோளை நிமிர்த்தியே நடந்தார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு வரியையும் கேட்டார்கள். வரப்புச் சண்டையில் பல வருஷமாகப் பேசாதிருந்த, அண்ணியும் நாத்தனாருமான இரண்டு மைனிமார், ஒருத்தி வரி எங்கே முடிகிறதோ அங்கேதான் மற்றவள் வரி தொடங்குகிறது என்று அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டு, வேறு வழியில்லாமல் ஒரே கட்டிலில் வந்து உட்கார்ந்தார்கள்.

இதெல்லாம் தெரியாமல் ஜெபசெல்வி குளிர் அறைக்குள்ளேயே கிடந்தாள், செத்த மூன்றாவது டிஸ்க்கைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக. சோற்று வாளியோடு வந்த ஸ்தேவான், மகளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் சாப்பிடும்வரை தன் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கை வாய்க்குப் போகாமல் நின்றது. சைபர் முதல் ஒன்பது வரை எண், அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரை ஆறே எழுத்து. ஒரு ஜி இல்லை, ஒரு கே இல்லை. இது டிஸ்க் தனக்குள் எழுதிக்கொள்கிற பாஷை. முதல் எட்டு எழுத்து, எந்த இடத்தில் எழுத வேண்டும் என்கிற விலாசம். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, விலாசத்தை மட்டும் செத்த டிஸ்க்குகளுக்கு அலமாரி வைத்திருந்த அட்டவணையோடு வைத்துப் பார்த்தாள். மூன்றாவதுக்கு உரியது. அப்பனை அப்படியே கையைப் பிடித்து அலமாரிக்கு முன்னால் நிறுத்தி, புது ஃபர்ம்வேர் ஊட்டிய வெற்று டிஸ்க் ஒன்றை மூன்றாவது இடத்தில் செருகி, அதைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். ஸ்தேவான் கூச்சத்தோடு ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல டிஸ்க்கின் நெற்றி விளக்கு பச்சையாகச் சிமிட்டியது, அவர் இருமி நிறுத்தினால் அதுவும் நிறுத்திக் காத்திருந்தது. முடித்ததும், தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருக்கிறது என்றார், வரி அவருக்கு மறந்துபோயிருந்தது. ஒரு ஆள் ஒரு மூச்சில் சொல்வதற்குள் அத்தனை படமும் எப்படி அடங்கும் என்று ஜெபசெல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடங்காது. ஆனால் விளக்கு சிமிட்டியது, எழுதப்பட்ட அளவும் திரையில் ஏறியிருந்தது. அவள் கணக்கை விட்டுவிட்டு மைக் செட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று. உப்பளம் வேலை நிறுத்தம் செய்ததுபோல வெறிச்சோடியது. ஊர் முழுக்கத் துவைத்த உடுப்பும் தலை நிறையப் பூவுமாக வரிசையில் நின்றது. மோர்ப்பானை வைத்தார்கள், குழந்தைக்காரிகளை முன்னால் விட்டார்கள், கண்ணாடி அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்று யாரும் சொல்லாமலே கழற்றிவிட்டுப் போனார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷன் வீட்டிலிருந்து பஸ்ஸேறி வந்தார்கள், அவர்களுக்கும் அங்கேயே வரி வந்திருந்தது. துபாயில் வெல்டிங் வேலை பார்க்கிற பையன்கள் போனிலேயே சொன்னார்கள், போனை டிஸ்க்கின் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்த ஜெபசெல்வி அதற்கும் விளக்கு சிமிட்டியதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைனிமார் இருவரும் ஒன்றாகப் போய், ஒருத்தி விட்ட மூச்சை மற்றவள் பிடித்துச் சொல்லிவிட்டு ஒன்றாகவே வெளியே வந்தார்கள். சொல்லி முடித்து வந்த ஒவ்வொருவரையும் பந்தலில் இருந்தவர்கள் ஓட்டுப் போட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார்கள். சந்தனமாரியும் தன் வரியைச் சொன்னாள். அது வேறு யாரோ ஒருவரின் முறிந்த காலின் படம்.

வரிசை தீர்ந்தது. ஜெபசெல்வியும் கடைசி ஆளாகத் தன்னுடையதைச் சொன்னாள். ஆனால் டிஸ்க் முழுமையடையவில்லை. ஓர் இடம் பாக்கி இருந்தது, நடுவில், சின்ன இடம்தான். அது நிரம்பாமல் அலமாரி எதையும் திறக்க மறுத்தது. அந்த இடத்தின் விலாசத்தை அவள் ஒலிபெருக்கியில் வாசித்தாள், பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் கோயிலிலும் வாசித்தார்கள், இந்த எட்டு எழுத்தில் தொடங்குகிற வரி யாரிடம் இருக்கிறதோ தயவுசெய்து வரவும் என்று. யாரும் வரவில்லை. அழைக்க அழைக்க ஊருக்கு மனசு கனத்தது. செத்துப்போன யாரிடமாவது போய்ச் சேர்ந்துவிட்டதோ என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். சந்தனமாரி பந்தலின் ஓரத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வரி அருமைத்துரையிடம் இருந்தது. உப்பளத்துச் சங்கத்தைக் கூட்டியவர், இந்த ஆஸ்பத்திரிக்கு நிலம் கேட்டு வெயிலில் பட்டினி கிடந்தவர், மேடை ஏறினால் ஊரைத் தட்டி எழுப்புகிறவர் அவர்தான். தனக்கு ஒன்றும் வரவில்லை, எல்லாம் மக்களுக்கே வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே முதல் நாள் அவர் சொன்னபோது, அது அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு வந்தது விலாசம், அதன் பிறகு வெறும் சைபர். ஒரு எழுத்தில்லை, ஒரு ஒன்றுகூட இல்லை. மீன்காரிக்கு எழுத்தும் எண்ணும் கலந்து கோலம்போல வந்திருக்க, தனக்கு இப்படி வெறுமையாக வந்ததே, இத்தனை வருஷம் நாம் செய்ததற்கு ஊர் போட்ட மார்க்கு இதுதானோ என்று அவர் உள்ளுக்குள் குன்றிப்போயிருந்தார். ஒலிபெருக்கியில் தன் விலாசத்தைக் கேட்கக் கேட்க அவர் வீட்டு ஜன்னலைச் சாத்தினார். பின்னே திறந்தார். வெயில் தாழ்கிற நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, தெருவில் யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, குளிர் அறை வாசலில் நின்று ஜெபசெல்வியைக் கூப்பிட்டார்.

"என்கிட்டதாம்மா இருக்கு," என்றார். "ஆனா அதுல ஒண்ணுமில்ல. வெறும் சைபர். மானத்த விட்டு வந்து சொல்லுதேன்."

ஜெபசெல்வி கதவை அகலத் திறந்தாள்.

"அண்ணாச்சி, அங்க சைபர்தான் இருந்துதுன்னு யாராவது வந்து சொன்னாத்தான் மிஷினுக்குத் தெரியும். சொல்லாம விட்டா அது சைபர் இல்ல, பள்ளம். நீங்க அதத்தான் காப்பாத்தி வச்சிருக்கீங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். கண்ணாடிக்கு வெளியே ஊர் கூடி நின்றது. விலாசத்தைச் சொன்னார், அப்புறம் சைபர், சைபர், சைபர் என்று தொடங்கினார். முதலில் குரல் எழும்பவில்லை. யாரும் சிரிக்கவில்லை என்பது போகப்போகத் தெரிந்ததும் குரல் மேடைக்குரலாக மாறியது. தொண்டை கட்டும்வரை, கட்டிய பிறகும், ஒரு சைபரும் மற்றொன்றின் மேல் விழுந்து அமுங்கிவிடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கல் எடுத்து வைப்பதுபோல, அவர் வைத்துக்கொண்டே போனார். விளக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சிமிட்டியது. கடைசிச் சைபர் போய் விழுந்ததும் சிமிட்டல் நின்று, விளக்கு அசையாத பச்சையானது. சற்று நேரத்தில் மற்ற டிஸ்க்குகள் எல்லாம் கூடி யோசிக்கிற முனகல் அலமாரிக்குள் எழுந்தது. முதலில் செத்த இரண்டுக்கும் பதிலாக அவள் செருகியிருந்த புது டிஸ்க்குகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளத் தொடங்கின. ஜெபசெல்வி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ஹபீபா சந்தனமாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பழைய படத்தைத் திறந்தார். சிவந்த வட்டம், அதில் வேர் ஓடியதுபோல ரத்தக் குழாய்கள், நடுவே கறுப்பாக அந்தப் புள்ளி. புதுப் படத்தை அருகில் வைத்து விளிம்புக்கு விளிம்பு அளந்தார். மறுபடி அளந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மயிரிழைகூட வளரவில்லை, மச்சம்தான், கண்ணை யாரும் தொடப்போவதில்லை என்றார். சந்தனமாரி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற அருமைத்துரை, அந்தப் படத்தில் தன்னுடையது எது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஜெபசெல்வி எண்களை வரவழைத்துப் பார்த்தாள். படத்தில் முழுக் கறுப்பை மிஷின் சைபர் என்றுதான் எழுதும். சிவப்பு மூன்று நாலு பேருடையது, குழாய்கள் ரோஸம்மாளுடையது. அந்தப் புள்ளி, நடுவிலிருந்து விளிம்பு வரை, அவருடையது. அது எங்கே நிற்கிறது என்று அவர் சொன்னதால்தான் அளக்க முடிந்தது. அருமைத்துரை திரையின் அருகே போய் அதை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் வெளியே வந்து, மைக்கைக் கேட்டு வாங்கி, ஒன்றும் பேச வராமல் கும்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய வாழ்நாளில் ஊர் அதிக நேரம் கைதட்டிய பேச்சு அதுதான்.

கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார், நல்ல மனுஷர். அலமாரியின் பதிவுகளை ஆராய்ந்து, மூன்றாவது டிஸ்க் எதிலிருந்து மீட்கப்பட்டது என்ற இடத்தில் ஒன்றும் இல்லாததைக் கண்டு, ஜெபசெல்வியைக் கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, அதற்குமேல் கேட்கவில்லை. கமிட்டி முன்னால் உட்கார்ந்து, இனி இப்படி நடக்காமலிருக்க எல்லாவற்றுக்கும் ஒரு நகல் பெருநகரத்தில் இருக்கிற தங்கள் மையத்திலும் வைக்கலாம் என்றார். ஜெபசெல்வியே அதை ஆதரித்துப் பேசினாள், வெவ்வேறு லாரியில் வந்த டிஸ்க்குகளாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள். கமிட்டி ஒப்புக்கொண்டது. இன்ஜினியர் உற்சாகமாகி, அந்த மையத்தின் சுவர் எத்தனை கனம், கரண்டு போனால் எத்தனை ஜெனரேட்டர், வாசலில் எப்படிப்பட்ட காவல் என்று விவரித்துக்கொண்டிருந்தார்.

வெயிலுக்குப் போட்டுக்கொள்ள டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த சந்தனமாரி, நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"அங்க மிஷினெல்லாம் நல்லா இருக்கும் போலருக்கு, சார்," என்றாள். "ஊரு இருக்கா?"

இன்ஜினியர், பக்கத்தில் நிறையக் கட்டடங்கள் இருப்பதாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். கமிட்டியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல், மீசைக்குள்ளும் முந்தானைக்குள்ளும் சிரித்துக்கொண்டார்கள். அவர் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு, சந்தனமாரி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். உப்பு பழுத்துவிட்டால் பாத்தி யாருக்காகவும் காத்திருக்காது.